கரகரத்த குரலில் ஒரு பதில்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மாடியில் கண்ணாடி போட்ட சின்ன அறை. அதற்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்புகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. சொல்கிற சேதி என்னவோ சப்பென்றுதான் இருக்கும். ஆனால் அந்தக் குரலில் ஒரு குழைவு இருந்தது. "வண்டி லேட்டுன்னு அக்கா சொன்னா, ஏதோ விருந்துக்குக் கூப்பிடுற மாதிரியில்ல இருக்கு! சண்டை போட வந்தவன்கூட உக்காந்து டீ குடிக்கிறான்" என்பார் நிலையத்து டீக்கடைக்காரர். அவருக்கு வியாபாரம் ஆனது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் சொன்னது பொய்யில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே குரல் கிறிஸ்தவ சபையில் பாடும். பாடகர் குழுவில் முதல் குரல் அவளுடையது. அவள் ஒரு பாட்டை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்குச் சுருதி பிடிபடும். கீபோர்டு வாசிப்பவர் தலையை நிமிர்த்தாமலே, "அக்கா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் உறையைக் கழற்றுவார்.

அவள் அந்தச் சபைக்குள் வந்ததே குரலைப் பிடித்துக்கொண்டுதான். சின்ன வயதிலேயே தாய் தகப்பன் இருவரும் போய்விட, பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள். அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவள் கூடுதலாக வந்து சேர்ந்த ஒரு வயிறு. எல்லோரும் சாப்பிட உட்காரும்போது அவளுக்கு மட்டும் ஏதாவது ஒரு வேலை மிச்சம் இருக்கும். வீட்டின் பின்கட்டும் சபையின் சுற்றுச்சுவரும் ஒட்டிக்கொண்டு இருந்தன. அங்கே பாத்திரம் தேய்க்கும்போது சுவருக்கு மேலே பாட்டு வரும். அவளும் கூடவே பாடுவாள். ஒருநாள் சுவருக்கு மேலே ஒரு தலை எட்டிப் பார்த்தது. "யாரும்மா பாடுறது? இந்தப் பக்கம் வந்து பாடு" என்றார் கீபோர்டுக்காரர். அப்போது அவருக்குத் தலைமுடி முழுக்கக் கறுப்பு.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு போனாள். இரண்டாவது வரிசையில் ஒரு நாற்காலியைக் காட்டி, "இது உன் இடம்" என்றார்கள். உலகத்தில் தனக்கென்று ஒருவர் ஒதுக்கி வைத்த முதல் இடம் அது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாடிப் பாடித்தான் யாரைப் பாடுகிறோம் என்பது மெதுவாக அவளுக்குப் புரிந்தது. வளர்ந்து, தானாகக் கேட்டு, ஞானஸ்நானம் எடுத்தாள்.

கல்யாணமும் பாட்டைத் தொடர்ந்துதான் வந்தது. பேருந்துப் பணிமனையில் பிரேக் பார்க்கும் மெக்கானிக் ஒருவர், ஒரு நண்பரின் கல்யாணத்துக்குச் சபைக்கு வந்தார். மறு வாரமும் வந்தார். அதற்கடுத்த வாரமும். "எம் பையன் சாமியைத் தேடுறேன்னு போனான், சம்சாரத்தோட திரும்பினான்" என்று அவருடைய அம்மா இன்றைக்கும் சொல்வாள். மெக்கானிக் கோபித்துக்கொள்வார். "ரெண்டும் கெடைச்சுதில்ல? அப்புறம் என்ன?"

அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வருத்தம் இருந்தது. ஆனால் மைக் அக்காவுக்குப் பாட்டு இருந்தது. அதன் மேல் சாய்ந்துகொண்டு அந்த வருஷங்களைக் கடந்துவிட்டாள்.

பிறகு கழுத்தில் ஒரு கட்டி வந்தது.

தைராய்டு என்றார் மருத்துவர். அறுவை செய்து எடுத்துவிட வேண்டும், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, ஜாக்கிரதையாகத்தான் செய்வோம், ஆனாலும் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. அது கெட்ட கட்டி இல்லை. மெக்கானிக் வராந்தாவில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். மயக்கம் தெளிந்ததும் மைக் அக்கா அவரிடம் தண்ணீர் கேட்டாள். உதடுகள் அசைந்தன. வெளியே வந்தது காகிதத்தைத் தரையில் தேய்த்த மாதிரி ஒரு சத்தம்.

"வீக்கம் வத்தினா சரியாயிடும்" என்றார்கள். வற்றியது. சரியாகவில்லை. பயிற்சி கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்ச காலம் போனபின் மருத்துவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இதுக்கு மேல எதிர்பார்க்க வேணாம்மா" என்றார். நல்ல மனிதர். சொல்லும்போது அவருக்கே குரல் இறங்கிப்போனது.

நிலையத்தில் வேலையை விட்டு நிறுத்தவில்லை. கீழே தவறவிட்ட பொருள்களை வாங்கி வைக்கும் கவுண்டருக்கு மாற்றினார்கள். குடை, மூக்குக் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு, ஒருதடவை பல்செட்டுகூட. அங்கே வேடிக்கை என்னவென்றால், அவள் காற்றாகப் பேசுவதைக் கேட்டு வருகிறவர்களும் குரலைத் தாழ்த்திவிடுவார்கள். பை தொலைத்த பெரிய மீசைக்காரர் ஒருவர் அவள் காதருகே குனிந்து, ஏதோ ரகசியம் சொல்வதுபோல, "பச்சைப் பை, ஜிப் பிஞ்சிருக்கும்" என்றார். "தொண்டை எனக்குத்தாங்க போச்சு. நீங்க சத்தமாவே பேசலாம்" என்று அவள் சொல்ல, அவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒருநாளில் அவள் சிரித்த நேரம் அவ்வளவுதான் இருக்கும்.

ஏனென்றால் தலைக்கு மேலே அவளுடைய பழைய குரல் ஓடிக்கொண்டிருந்தது. நிலையத்துக்காரர்கள் முன்பே சில அறிவிப்புகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். இப்போது புது ஆள் போடாமல் அதையே ஓட்டினார்கள். காலையிலிருந்து மாலை வரை அந்தக் குழைவான குரல் பயணிகளை மேடைக்கு அழைத்தது. கவுண்டருக்குப் பின்னால் அவள் ஒற்றைச் செருப்பை அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பாருங்கக்கா, உங்க குரல் இன்னும் எங்களோடதான் இருக்கு" என்று ஒரு நடத்துநர் ஆறுதலாகச் சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். செத்தவளின் படத்துக்கு முன்னால் நின்று பேசுகிற மாதிரிதான் அவளுக்குக் கேட்டது.

சபையில் பெண்கள் விடவில்லை. குரல் திரும்ப வரவேண்டுமென்று வாராவாரம் கூடினார்கள். வெளியூரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தபோது அவளை முன்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் தலையில் கை வைத்து நீண்ட நேரம் ஜெபித்தார். "பாடு மகளே" என்றார். அவள் வாய் திறந்தாள். காற்று வந்தது. மறுபடி ஜெபித்தார். மறுபடி காற்று. அவர் நெற்றி வேர்த்தது. பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, "உள்ளே மறைத்து வைத்த பாவம் ஏதோ ஒன்று இந்தக் குரலைக் கட்டிப் போட்டிருக்கிறது. அதை இந்த மகள் விட்டுவிட்டால் இந்த நிமிடமே பாடுவாள்" என்றார்.

அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். பரிவாகத்தான் பார்த்தார்கள். அதுதான் தாங்கவில்லை. மெக்கானிக் எழுந்து முன்னால் வந்தார். அவள் தோளில் கை போட்டு வெளியே கூட்டிக்கொண்டு போனார்.

"நான் திரும்பிப் போய் அந்த ஆளை ரெண்டு வார்த்தை கேக்கட்டுமா?" என்றார் வீட்டு வாசலில்.

"வேணாங்க" என்றாள். "அவர் சொன்னது உண்மையா இருந்தா?"

அதற்கப்புறம் அவள் சபைக்குப் போகவில்லை.

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. சமைத்தாள், வேலைக்குப் போனாள், மாமியாருக்கு வெந்நீர் வைத்தாள். ஆனால் உள்ளே ஒரு போர் நடந்தது. ஜெபம் பண்ண மண்டியிட்டால், வார்த்தை வருவதற்கு முன்பே அவளுக்குள் ஒரு குரல் பேசத் தொடங்கிவிடும். அது யாருடைய குரலோ இல்லை. அவளுடையதேதான். பழைய, குழைவான, சுருதி பிசகாத குரல். வண்டி கிளம்புவதை அறிவிக்கிற அதே நிதானத்தில் அது சொல்லும்: பாட்டுக்காகத்தானே கர்த்தர் உன்னை அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் விட்டார். பாட்டு போய்விட்டது. இனி அவருக்கு நீ எதற்கு? பெரியப்பா வீட்டிலும் நீ கூடுதல்தான், இங்கேயும் கூடுதல்தான்.

பொய் என்று தள்ள முடியவில்லை. அது அவ்வளவு அழகாகப் பேசியது.

பாவத்தையும் தேடிப் பார்த்தாள். பெரியம்மாவின் மேல் இருந்த பழைய கசப்பு, பாடும்போது உள்ளூர இருந்த கர்வம், வேறொருத்தி நன்றாகப் பாடிய அன்று வந்த எரிச்சல். கிடைத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். ஒவ்வொரு தடவையும் தொண்டையைச் செருமிப் பார்த்தாள். பிறகு அப்படிச் செருமிப் பார்த்ததே விசுவாசக் குறைவோ என்று அதற்கும் அழுதாள்.

வீட்டில் மாமியாருக்குக் காது மந்தம். முன்பு மருமகளின் குரல் மட்டும்தான் அவளுக்குத் தெளிவாகக் கேட்கும். இப்போது அதுவும் இல்லை. இருவரும் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொண்டார்கள். உப்பு கேட்டால் சர்க்கரை வரும். ஒருநாள் மாமியார் சலித்துப்போய், "எனக்குக் காது போச்சு, உனக்குத் தொண்டை போச்சு. ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்தாக்கூட ஒரு ஆளு தேற மாட்டோம் போலிருக்கே!" என்று சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரித்தாள். மைக் அக்காவும் சிரித்தாள். சிரிப்பு அழுகையில் போய் நின்றது. மாமியார் பதறி, ஈரத் துணியைப் பிழிந்து அவள் முகத்தைத் துடைத்து, "நான் வெளையாட்டுக்குச் சொன்னேண்டி அம்மா, ஒரு வாயாடிக் கெழவி சொன்னதுக்குப் போயி..." என்று கெஞ்சினாள்.

விடுமுறை நாள் ஒன்றின் காலையில் அவள் போர்வைகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். பெரிய தொட்டி நிறைய நல்ல தண்ணீர் பிடித்து வைத்திருந்தாள். உள்ளே அந்தக் குரல் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. வெயிலும் அழுகையும் சேர்ந்து முகம் எரிந்தது. என்ன நினைத்தாளோ, குனிந்து முகத்தை அப்படியே தொட்டித் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

சத்தம் நின்றது. தெருவில் போகிற வண்டி, பக்கத்து வீட்டு ரேடியோ, குழாய்ச் சொட்டு, எல்லாம் நின்றன. காதுக்குள் தண்ணீரின் பாரம் மட்டும் இருந்தது. அப்போது அவளுக்கு ஞானஸ்நானம் எடுத்த நாள் ஞாபகம் வந்தது. ஏரித் தண்ணீர் இடுப்பளவு. போதகர் ஒரு கையால் பிடரியைத் தாங்கி, மறுகையால் மூக்கைப் பிடித்து, பின்னால் சாய்த்து முக்கினார். தலைக்கு மேல் தண்ணீர் மூடியது. ஒரு நொடி செத்தே போனோம் என்றுதான் நினைத்தாள். கரையில் எல்லோரும் பாடிக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் பாடவில்லை. பாட முடியாது. மூச்சே இல்லையே. பாடத் தெரிந்தவள் என்று அந்தத் தண்ணீருக்குத் தெரியாது. ஒன்றுக்கும் உதவாமல், கல் மாதிரிக் கனத்து, இன்னொருவர் கையில் கிடந்தாள். அந்த நேரத்தில்தான் கர்த்தர் அவளைத் தன் பிள்ளை என்றார்.

தலையைத் தூக்கினாள். தண்ணீர் வழிந்தது. மூச்சு வாங்கியது. உள்ளே அந்தக் குரல் மறுபடி தொடங்கியது: இனி அவருக்கு நீ எதற்கு?

"எதுக்கும் இல்ல" என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். கரகரப்பாக, உடைந்து, பாதி காற்றாக வந்தது. "எதுக்கும் வேணாம். நான் அவரோட பிள்ளை. அவ்வளவுதான்."

பின்கட்டில் அதைக் கேட்க யாருமில்லை. மாமியார் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, மருமகள் தண்ணீருக்குள் தலையை விட்டுக்கொண்டு தனக்குத்தானே பேசுகிறாள் என்று சாயங்காலம் மகனிடம் கவலையோடு சொன்னாள்.

ஒரே பதிலில் அது அடங்கிவிடவில்லை. அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாளும். முன்பு அவள் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாள், இப்போது பதில் சொன்னாள். மேலே ஒலிபெருக்கியில் தன் குரல் கிளம்பும்போதெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் உதடசைத்தாள். சில நாள் அவள் ஜெயித்தாள். சில நாள் அது ஜெயித்தது. தோற்ற நாள்களிலும் படுக்கப் போகுமுன், "நான் உங்க பிள்ளைதானே?" என்று ஒரு கேள்வியாகவாவது கேட்டுவிட்டுப் படுத்தாள். முன்பு போல அழகாக, வரிசையாக ஜெபிக்க வரவில்லை. அந்த ஒரு வரிதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். மெக்கானிக் பேப்பரிலிருந்து நிமிர்ந்தார். "எங்க?"

"சபைக்கு."

அவர் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்.

கீபோர்டுக்காரர் அவளைக் கண்டதும் பரபரத்தார். "அக்கா, வாங்க. புத்தகம் புரட்டிக் கொடுங்க. இல்லன்னா புதுப் பிள்ளைகளுக்கு ராகம் சொல்லிக் கொடுங்க. ஏதாவது ஒண்ணு பண்ணலாம்."

"வேணாம்ண்ணே" என்றாள். "கொஞ்ச நாளைக்கு ஒண்ணும் பண்ணாம உக்காந்து பாக்குறேன்."

அவள் வாழ்நாளில் செய்த கடினமான காரியம் அதுதான் என்று பின்னாளில் சொல்வாள். எல்லோரும் பாட, வெறும் கையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பது. யாருக்கும் உபயோகமில்லாமல் கர்த்தருடைய வீட்டில் இருப்பது. முதல் சில வாரம் ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

அந்தக் கடைசி வரிசையில்தான் தையல்காரப் பெண்ணோடு பழக்கமானது. துணிக்கடையில் அளவு சரிபார்த்துத் தைத்துக் கொடுக்கிற பெண். புருஷன் பெயின்டர். அவன் நகக்கணுவில் எப்போதும் ஏதோ ஒரு நிறம் ஒட்டியிருக்கும். அவள் நிறைமாதமாக இருந்ததால் எழுந்து உட்கார வசதியாகப் பின்னால் உட்காருவாள். "அக்கா, உள்ள இருக்கிற ஆளு பாட்டு வந்தா மட்டும் உதைக்குது" என்று சிரிப்பாள். மைக் அக்கா அவளுக்கு முதுகுக்கு வைத்துக்கொள்ள ஒரு சின்னத் தலையணை கொண்டுவந்து கொடுத்தாள்.

குழந்தை பிறக்குமுன்பே வயிற்றுக்குள் இறந்துபோனது. பெயின்டர் அந்தச் சின்னப் பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, வேறு யாரிடமும் கொடுக்காமல், கல்லறைத் தோட்டம் வரை கொண்டுபோனான்.

கொஞ்ச நாள் கழித்து, வாரத்தின் நடுவில் நடக்கும் மாலை ஜெபக்கூட்டத்துக்கு அவர்கள் இருவரும் வந்தார்கள். போதகர் வேறோர் ஊருக்குப் போயிருந்ததால், சபையை நடத்தும் பெரியவர்களில் ஒருவரான மூப்பர் கூட்டத்தை நடத்தினார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நேரம் தவறமாட்டார், வார்த்தை தவறமாட்டார், யாருக்கும் கெடுதல் நினைத்தவரில்லை. ஜெபக் குறிப்புகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர், தையல்காரப் பெண்ணைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"ஒண்ணு நாம யோசிக்கணும். கர்த்தர் காரணம் இல்லாம எதையும் எடுக்கிறவர் இல்ல. தம்பியும் தங்கச்சியும் தங்களைத் தாங்களே கொஞ்சம் ஆராய்ஞ்சு பாக்கட்டும். அறிக்கை செய்ய வேண்டியது ஏதாவது உள்ள இருந்ததுன்னா..."

தையல்காரப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். மைக் அக்காவுக்குப் பக்கத்தில்தான் இருந்தாள். அந்தத் தோள் சுருங்குவதை மைக் அக்கா பார்த்தாள். எங்கே சுருங்குகிறது, எப்படிச் சுருங்குகிறது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். அந்தப் பெண்ணுக்குள் இப்போது எந்தக் குரல் பேசத் தொடங்கியிருக்கும் என்பதும் தெரியும்.

"இல்ல" என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

எழுந்தாள். பெஞ்சு கிறீச்சிட்டது. "இல்லைங்க ஐயா."

மூப்பர் காதில் கை வைத்துப் பார்த்தார். "என்னம்மா?"

அவள் முழு மூச்சையும் கூட்டிப் பேசினாள். மின்விசிறியின் இரைச்சல் அதை விழுங்கியது. "என்ன சொல்றாங்க? ஒண்ணுமே கேக்கலையே" என்றது முன்வரிசை. அவளுக்கு உள்ளங்கால் வரை வேர்த்தது. உட்கார்ந்துவிடு, உன்னை நீயே கேவலப்படுத்திக்கொள்ளாதே என்று அந்த அழகான குரல் உள்ளேயிருந்து சொன்னது. அப்போது கீபோர்டுக்காரர் எழுந்துபோய் விசிறிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். மெக்கானிக் தெருப்பக்கத்து ஜன்னல்களைச் சாத்தினார். இறக்கைகள் சுற்றி அடங்கும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள். அந்த மண்டபத்தில் அவ்வளவு அமைதி அதற்கு முன் இருந்ததில்லை.

"எனக்கும் இதத்தான் சொன்னாங்க" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கினாள். "உள்ள பாவம் இருக்கு, அதான் குரல் வரலைன்னு. நானும் தேடினேன். வீடு பெருக்குற மாதிரி மூலை மூலையாத் தேடினேன். கெடைக்காம இருக்குமா? நெறையக் கெடைச்சுது. எல்லாத்தையும் கர்த்தர்கிட்ட சொன்னேன். மன்னிச்சாரு. குரல் வரல."

யாரோ விசும்புவது கேட்டது.

"மன்னிக்கிறதுக்குக் கூலியா குரலைத் தர்றவர் இல்லைங்க அவரு. கோவத்துல எடுத்துக்கிட்டுப் போறவரும் இல்ல. இந்தப் பொண்ணுக்கு இன்னும் பால் கட்டி வலிக்குது. குடிக்கப் பிள்ளை இல்ல. இவகிட்டப் போயி விசாரணை வைக்காதீங்க."

நின்று மூச்சு எடுத்தாள். மூப்பர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை ஒரு பாட்டுப் பாடல. ஒரு வார்த்தை பேசல. யாருக்கும் ஒரு வேலை செஞ்சு கொடுக்கல. அது அவரோட பிள்ளை இல்லைன்னு சொல்ல இங்க யாருக்காவது வாய் வருமா? வராதுல்ல? அப்ப நானும் அப்படித்தான். நீங்களும் அப்படித்தான் ஐயா. நாம எல்லாருமே அப்படி வந்தவங்கதான்."

அதற்கு மேல் மூச்சு இல்லை. உட்கார்ந்தாள். தையல்காரப் பெண் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்து, தோளில் முகத்தைப் பதித்து, வாய்விட்டு அழுதாள். பெயின்டர் எழுந்து வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல், இருவருக்கும் முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டான். மூப்பர் கையிலிருந்த ஜெபக் குறிப்பை மடித்து வைத்தார். கூட்டம் அப்படியே, ஆமென் இல்லாமல், மெதுவாகக் கலைந்தது.

மறுநாள் காலை மூப்பர் வீட்டுக்கு வந்தார். மாமியார் கதவைத் திறந்து, "அவ பேச மாட்டா, எனக்குக் கேக்காது. என்ன வேணும்னு கையைக் காட்டிச் சொல்லுங்க" என்று உரக்கக் கத்தினாள். அவர் உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். மைக் அக்கா டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் கோப்பையைத் தொடவில்லை.

"எம் மூத்த பையன் காய்ச்சல்ல போனான். உங்களுக்குத் தெரியாது, அது நான் இங்க வர்றதுக்கு முன்னால" என்றார். "காரணம் என்னன்னு தேடித் தேடித்தாம்மா நான் பைத்தியம் பிடிக்காம இருந்தேன். காரணம்னு ஒண்ணு இருந்தா அடுத்த பிள்ளையைக் காப்பாத்திரலாம்ல? கணக்குப் போட்டா விடை வரணும்ல? பயம்மா. அவ்வளவும் பயம்."

அவள் ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போய், சூடாக வேறு கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் குடித்தார்.

"அந்தப் பிள்ளைங்க வீட்டுக்குப் போகணும். தனியாப் போகக் கூச்சமா இருக்கு. கூட வர்றீங்களா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். அங்கே போனதும் மூப்பர், வழியெல்லாம் தயார் செய்த வார்த்தைகளையெல்லாம் மறந்துபோய், பெயின்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பையன் பேரு..." என்று தொடங்கினார். வெகுநேரம் தன் மகனைப் பற்றியே பேசினார். பெயின்டர் தன் குழந்தைக்கு வைக்க நினைத்திருந்த பெயரைச் சொன்னான். அதுவரை அவன் அதை யாரிடமும் சொன்னதில்லை.

குரல் கடைசிவரை வரவில்லை. நிலையத்தில் புதிய கருவி வந்து, பழைய பதிவுகளை எடுத்துவிட்டார்கள். டீக்கடைக்காரர்தான் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து சொன்னார். அவளுக்கு ஒருநாள் வருத்தமாக இருந்தது, அப்புறம் இல்லை. உள்ளே பேசுகிற அந்தக் குரலும் முழுக்கப் போய்விடவில்லை. உடம்பு முடியாத நாளில், மனம் சோர்ந்த நாளில் இன்னும் வரும். "வா வா, உன்னையும் எனக்குத் தெரியும்" என்பாள். சபையில் அவளுக்கென்று ஒரு வேலையும் ஒதுக்கவில்லை. ஆனால் கடைசி வரிசையில் அவள் பக்கத்து இடம் காலியாக இருப்பதில்லை. யாராவது ஒருவர் எதையாவது மெல்லச் சொல்ல வந்து உட்காருவார்கள். அவளிடம் எல்லோருமே மெல்லத்தான் பேசுவார்கள்.

தையல்காரப் பெண்ணும் பெயின்டரும் வேலை தேடி வேறு ஊருக்குப் போனார்கள். போனபின் அவள் அடிக்கடி போன் செய்வாள். போனில் மைக் அக்காவின் பேச்சு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். தையல்காரப் பெண் பேசுவாள், மைக் அக்கா நகத்தால் போனைத் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் இல்லை. விடாமல் தட்டினால் சிரிப்பு.

ஒருநாள் மத்தியானம் போன் வந்தது. "அக்கா, மறுபடியும் உண்டாயிருக்கேன்" என்றாள் தையல்காரப் பெண். "பயமா இருக்குக்கா. சந்தோஷப்படவே பயமா இருக்கு. இப்படிப் பயப்படலாமா?"

ஒரு தட்டு.

"பயந்தாலும் அவர் கூட இருப்பார்ல?"

ஒரு தட்டு.

"அப்ப நான் ஜெபம் பண்றேன். எனக்கு உங்கள மாதிரி வராது, ஏதோ தெரிஞ்ச மாதிரி பண்றேன். கேட்டுக்கிட்டு இருங்க."

தையல்காரப் பெண் தட்டுத்தடுமாறி ஜெபித்தாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். நடுவில் மூக்கைச் சிந்தினாள். மைக் அக்கா கண்ணை மூடி, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கூடத்துக்கு வந்த மாமியார், மருமகள் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாயே திறக்காமல் கண்ணீர் விடுவதைப் பார்த்துவிட்டு, "லைன் கெட்டுப்போச்சாடி?" என்று கேட்டாள். மைக் அக்கா இல்லை என்று கையைக் காட்டிவிட்டு, அந்தப் பக்கம் ஜெபம் முடிந்த இடத்தில், ஆமென் சொல்ல வேண்டிய நேரத்தில், போனை ஒருதரம் தட்டினாள்.